அடிபட்ட வீட்டு நாயை மீட்டெடுக்க: முதல் அரை மணியிலிருந்து கடைசிக் கணக்கு வரை

எங்கள் மணி நாட்டு நாய். அடிபட்டபோது மூன்று வயது, 18 கிலோ. தெருமுனையில் பின்னால் நகர்ந்து வந்த குட்டியானை வண்டி ஏறி இறங்கியதில் வலது தொடை எலும்பு இரண்டாக உடைந்தது, இடுப்பெலும்பில் விரிசல். எங்களிடம் இருந்த பணம் செலவில் மூன்றில் ஒரு பங்குக்குக்கூட வரவில்லை. தெருக்காரர்களும் உறவினர்களும் முகம் தெரியாத சிலரும் கொடுத்துத்தான் அவன் எழுந்து நடந்தான். அதன் பிறகு தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஏழெட்டுக் குடும்பங்களுக்கு இதே வேலையில் துணையாக நின்றிருக்கிறேன்.

எல்லாருமே நாயைப் பாசமாக வளர்த்தவர்கள். வரிசை மாறித்தான் சறுக்கினார்கள். எக்ஸ்ரே எடுக்கும் முன்பே பணம் கேட்டார்கள். ஆபரேஷன் முடிந்து நாய் வீட்டுக்கு வந்த பிறகு தரைக்குப் பாய் தேடினார்கள். திரண்ட பணம் அத்தனையையும் ஆபரேஷனுக்கே கொடுத்துவிட்டு, அடுத்த இரண்டு மாதத்துக்கு வெறுங்கையோடு நின்றார்கள். அதனால் கீழே உள்ளதை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். மருந்தும் அளவும் மருத்துவர் சொல்வதுதான். இங்கே இருப்பது வீட்டார் செய்ய வேண்டிய வேலை.

1. இன்றே எடுத்து வைக்க வேண்டியவை

தடுப்பூசிப் புத்தகம், நாயின் தற்போதைய எடை, முன்பு எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள். இவற்றைப் படம் எடுத்து வீட்டில் எல்லார் போனிலும் வையுங்கள். மயக்க மருந்தும் வலி மருந்தும் எடையை வைத்துத்தான் கணக்கிடப்படுகின்றன.

இரவில் எக்ஸ்ரே எடுக்கும் இடம் எது என்று இப்போதே விசாரித்து வையுங்கள். ஊர்களில் இருக்கும் அரசு கால்நடை மருந்தகங்களில் பெரும்பாலும் எக்ஸ்ரே இருக்காது, முதலுதவி கிடைக்கும். பெரிய எலும்பு முறிவுக்குப் போகக்கூடிய இடங்களில் முக்கியமானவை கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்த மருத்துவமனைகள்: சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி. கட்டணம் தனியாரைவிடக் குறைவு. புறநோயாளி நேரம், ஆபரேஷன் நாள் இரண்டையும் போனில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

கூடவே ஒரு பலகை, ஒரு தடித்த போர்வை, இரண்டு முழ நீளத்தில் மெத்தென்ற துணி. பலகை இல்லாத வீட்டில் மேசையின் மேல்பலகையோ பழைய கதவோ போதும்.

2. முதல் அரை மணி

முதலில் வாயைக் கட்டுங்கள். வலியில் இருக்கும் நாய் பெற்ற பிள்ளையைப் போல வளர்த்தவரையும் கடிக்கும். துணியில் ஒரு சுருக்குப் போட்டு மூக்குக்கும் வாய்க்கும் மேலாக இறுக்கி, தாடைக்குக் கீழே ஒரு சுற்றுச் சுற்றி, காதுகளுக்குப் பின்னால் முடியுங்கள். வாந்தி எடுக்கிறது, மூச்சுத் திணறுகிறது, பக் போன்ற தட்டை மூக்கு இனம் என்றால் கட்டக் கூடாது, மூச்சு அடைத்துவிடும். கடி பட்டுவிட்டால் அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். வீட்டு நாய்தானே என்று விடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

ரத்தம் வழிந்தால் சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுநடுவே தூக்கிப் பார்த்தால் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடும். காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அவற்றைக் கழுவி எடுப்பதற்கே மருத்துவருக்கு நேரம் போகும். எலும்பு வெளியே தெரியும் காயமென்றால் அழுக்கை உள்ளே தள்ளியதாகிவிடும்.

உடைந்த காலை இழுத்து நேராக்கப் பார்க்காதீர்கள். குச்சி வைத்துக் கட்டவும் வேண்டாம். தொடை எலும்பு உடைந்திருக்கும்போது கட்டுகிற கட்டு பெரும்பாலும் உடைந்த இடத்துக்குக் கீழேயே நின்றுவிடும். அந்தக் கனம் எலும்பை இன்னும் இழுக்கும். பலகையை நாயின் முதுகுப் பக்கம் ஒட்டி வைத்து, போர்வையோடு சேர்த்து அதன்மேல் நகர்த்துங்கள். முதுகெலும்பில் அடி இருக்கிறதா என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. இருப்பதாகவே எடுத்துக்கொண்டு தூக்குங்கள்.

நான் பார்த்த தவறுகளில் உயிருக்கே உலை வைப்பது வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைக் கொடுப்பது. ஐபுபுரூபன் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். மாத்திரை கொடுத்த பிறகு, மருத்துவர் தர வேண்டிய சரியான வலி மருந்தையும் தர முடியாமல் போகும். பாலும் தண்ணீரும்கூட வேண்டாம். உடனே மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தால் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

போகும் வழியில் ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும்; விரலால் அழுத்தி விட்டால் இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளுத்திருந்தால் உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருக்கலாம். உள்ளே நுழையும்போதே இதைச் சொன்னால் வரிசையில் காத்திருக்க விடமாட்டார்கள்.

3. முதலில் உயிர், பிறகு எலும்பு

தொங்கும் காலைப் பார்த்துக் குடும்பம் பதறும். மருத்துவரின் கண் மார்பிலும் வயிற்றிலும் இருக்கும். “காலுக்கு ஒன்றுமே செய்யவில்லையே” என்று கோபித்துக்கொண்டு இரவோடு இரவாக வேறு மருத்துவமனைக்குத் தூக்கிப்போன குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்த அலைச்சல் தேவையே இல்லை.

வண்டி அடித்த நாய்க்கு நுரையீரல் கன்றிப்போயிருக்கலாம். அது முதல் ஒன்றிரண்டு நாளில் கூடுதலாகவும் செய்யும். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிழிந்து குடல் மார்புக்குள் ஏறியிருக்கலாம். சிறுநீர்ப்பை கிழிந்திருக்கலாம். இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும்போது மயக்க மருந்து கொடுத்தால் மேசையிலேயே உயிர் போகலாம். அதனால் மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், சலைன், வலி மருந்து எல்லாம் முதலில் வரும். எலும்பு ஓரிரு நாள் காத்திருக்கும். ஆனால் வாரக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். இடுப்பெலும்பு ஏழு முதல் பத்து நாள் தாண்டினால் தசை இறுகி, துண்டுகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது கடினமாகும்.

உங்கள் வேலை ஒன்றுதான்: சிறுநீர் போனதா, எத்தனை மணிக்கு, என்ன நிறம் என்று எழுதி வையுங்கள். ஒருமுறை போனதை வைத்து நிம்மதி அடைந்துவிட வேண்டாம். பையில் சிறு கிழிசல் இருந்தாலும் கொஞ்சம் வெளியே வரும்.

நம் ஊரில் இன்னொன்றையும் கேட்டு வாங்க வேண்டும், உண்ணிக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனை. வெளியே நன்றாகத் தெரியும் நாய்க்கும் எர்லிக்கியா கிருமியால் ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம். தெரியாமல் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. மணிக்கு இதைப் பார்த்த பிறகுதான் தேதியே குறித்தார்கள்.

4. முடிவெடுக்கும் முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

“ஆபரேஷன் செய்யாவிட்டால் என்ன ஆகும், டாக்டர்?” இதை முதலில் கேளுங்கள். இடுப்பெலும்பு முறிவில் எல்லாவற்றுக்கும் கத்தி தேவையில்லை. எடை தாங்கும் பகுதி விலகாமல் இருந்தால் சிறு கூண்டுக்குள் வைத்து ஓய்வு கொடுத்தாலே கூடிவிடும். இடுப்பு மூட்டுக் கிண்ணம் உடைந்தாலோ, மலம் இறங்கும் வழி குறுகினாலோ அறுவை வேண்டும். மணிக்குத் தொடை எலும்பை உலோகத் தகடும் திருகும் வைத்து இணைத்தார்கள். இடுப்பை அப்படியே விட்டுவிட்டார்கள்.

அடுத்தது, “ஆழமான வலி தெரிகிறதா?” பின்னங்கால்கள் அசையாத நாய்க்கு இந்தக் கேள்விதான் எதிர்காலத்தைச் சொல்லும். விரலை இடுக்கியால் அழுத்தும்போது நாய் திரும்பிப் பார்க்க வேண்டும், அல்லது கத்த வேண்டும். கால் மட்டும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டால் அது தண்டுவடத்தின் அனிச்சைச் செயல், மூளைக்குச் செய்தி போனதாக ஆகாது. “காலை இழுத்தானே, உணர்ச்சி இருக்கிறதே” என்று வீட்டார் நம்பிக்கையை ஏற்றிக்கொண்டு பின்னால் உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். பரிசோதிக்கும்போது நாயின் முகத்தைப் பாருங்கள்.

மூன்றாவது, செலவும் துன்பமும் குறைந்த வேறு வழி உண்டா என்பது. சில நொறுங்கிய கால்களுக்கு, தகடும் திரும்பத் திரும்ப ஆபரேஷனும் என்று அலைவதைவிட காலை எடுத்துவிடுவது நாய்க்கு நல்லது. மூன்று காலில் நாய்கள் ஓடுகின்றன, படி ஏறுகின்றன. கேட்கும்போது நெஞ்சு அடைக்கும். ஆனாலும் கேளுங்கள்.

5. பணம் கேட்கும் முன் சீட்டு

மருத்துவமனைத் தாளில், தேதியும் கையெழுத்துமாக, செலவு மதிப்பீடு வாங்குங்கள். நாயின் பெயர், எடை, நோய்க் கணிப்பு, செய்யப்போகும் சிகிச்சை, தகடு திருகு விலை, மயக்க மருந்து, தங்கும் நாள்கள் என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

அடிபட்ட இரவே ரத்தம் ஒழுகும் படத்தோடு “ஒரு லட்சம் வேண்டும்” என்று வாட்ஸ்அப்பில் போட்டார் ஒருவர். மறுநாள் எக்ஸ்ரேயில் ஆபரேஷனே வேண்டாம் என்றாகிவிட்டது. நல்ல செய்திதான். ஆனால் அதற்குள் வந்திருந்த பணத்துக்கு விளக்கம் சொல்லிச் சொல்லி அந்த மனிதர் களைத்துப்போனார். கொடுத்தவர்களில் சிலர் அடுத்த நாய்க்குக் கேட்டபோது கையை மூடிக்கொண்டார்கள்.

மதிப்பீட்டுக்குக் கீழே மருத்துவமனை எழுதாத இன்னொரு கணக்கை நீங்கள் போடுங்கள். இரண்டு மாத மருந்து, கட்டு மாற்றும் செலவு, போக வர ஆட்டோ, இரண்டு எக்ஸ்ரே, கூண்டு, பாய், சத்தான சாப்பாடு. எங்கள் சீட்டில் 46,000 ரூபாய். பிந்தைய செலவு 9,000 என்று போட்டோம். மொத்தம் 55,000. எங்களிடம் இருந்தது 15,000. ஆக, கேட்டது 40,000. பிந்தைய செலவை முதலிலேயே சேர்த்துக் கேளுங்கள். ஆபரேஷன் முடிந்ததும் எல்லாரும் “நல்லாயிட்டான்” என்று எண்ணிக்கொள்வார்கள். இரண்டாம் முறை கேட்டால் வராது; கேட்கவும் நமக்கு வாய் வராது.

6. உதவி கேட்பது

நெருங்கியவர்களிடமிருந்து தொடங்குங்கள். முதல் நாள் தெரு, குடும்பக் குழு, வேலை செய்யும் இடம். அவர்கள் கொடுத்த பிறகு வெளியே போங்கள். நாயை நேரில் அறிந்த இருபது பேர் முன்னால் கொடுத்திருப்பதைப் பார்த்தால்தான் அறியாதவருக்கு நம்பிக்கை வரும்.

செய்தியை இப்படி எழுதுங்கள்: நாயின் பெயர், வயது, எடை, என்ன நடந்தது என்று ஒரு வரி, மருத்துவர் சொன்னது ஒரு வரி, மொத்தச் செலவு, கையில் இருப்பது, குறைவது, பணம் போக வேண்டிய இடம், கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவர், எந்தத் தேதிக்குள். மிஞ்சினால் என்ன செய்வோம் என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள். நாய் நன்றாக இருந்தபோது எடுத்த ஒரு படம், எக்ஸ்ரே, மதிப்பீட்டுச் சீட்டு போதும். ரத்தக் காயப் படம் வேண்டாம். பார்க்கிறவர் பாதிச் செய்தி படிக்கும் முன்பே விரலால் தள்ளிவிடுவார்.

முடிந்தால் மருத்துவமனையின் க்யூஆர் அட்டைக்கே நேராக அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பியவர் நாயின் பெயரைக் குறிப்பில் எழுத வேண்டும். இல்லையென்றால் வேறு வரவுசெலவு இல்லாத ஒரு சேமிப்புக் கணக்கை இதற்கென்றே ஒதுக்குங்கள். மளிகைப் பாக்கியும் நன்கொடையும் ஒரே கணக்கில் கலந்தால் மாதக் கடைசியில் உங்களுக்கே கணக்கு புரியாது.

தனி ஆள் கணக்கில் உறவினர் அல்லாதவர்கள் தரும் பணம் ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், முழுத் தொகையும் உங்கள் வருமானமாகக் கருதப்படும். தேவை அதற்கு மேல் என்றால் மருத்துவமனைக்கே நேராகச் செலுத்த வையுங்கள், அல்லது முதலிலேயே ஓர் ஆடிட்டரிடம் கேளுங்கள். “80ஜி ரசீது உண்டா?” என்று சிலர் கேட்பார்கள், நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை பெற உதவும் ரசீது அது. அந்தப் பதிவு பெற்ற அறக்கட்டளைகள்தான் தர முடியும், நம்மைப் போன்ற தனிமனிதரால் முடியாது. இல்லை என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

மிலாப், கெட்டோ போன்ற நிதி திரட்டும் தளங்கள் பெரிய தொகைக்கு உதவும். ஆவணம் சரிபார்ப்பதற்கும் பணம் கைக்கு வருவதற்கும் நாள் ஆகும் என்பதால் நாளைய ஆபரேஷனுக்கு அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

உதவி கேட்ட எண்ணுக்கு ஏமாற்றுக்காரர்களும் வருவார்கள். “பத்தாயிரம் அனுப்புறேன் சார், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க” என்பார்கள். பணம் வாங்க ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் போடவும் வேண்டாம். போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். பதற்றத்தில் இருக்கும் வீட்டில் இது எளிதாக நடந்துவிடுகிறது. அதனால் பணம் பார்க்கும் பொறுப்பை நாயோடு மருத்துவமனையில் உட்கார்ந்திருப்பவரிடம் கொடுக்காமல் வீட்டில் இருக்கும் ஒருவரிடம் கொடுங்கள்.

“ஒரு நாய்க்கா இவ்வளவு?” என்பவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். இரண்டு மாதத்துக்கு உங்கள் தெம்பு நாய்க்கு வேண்டும்.

பணம் தவிர்த்த உதவியைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். “ஏதாவது வேணும்னா சொல்லுங்க” என்றவரிடம் சும்மா நன்றி சொல்லி அனுப்பினால் அந்த உதவி அப்படியே போய்விடும். “அண்ணா, வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கட்டு மாற்றணும், உங்க கார் கிடைக்குமா?” என்று கேளுங்கள். எங்களுக்கு ஓர் ஆட்டோக்கார அண்ணன் ஆறு முறை வந்து போனார். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் இரவு பதினொரு மணி மாத்திரையைத் தன் பொறுப்பாக்கிக்கொண்டான். எதிர்வீட்டு அக்கா தினமும் இரண்டு முட்டை அவித்துக் கொடுத்தார். யாராவது மீந்துபோன நாய் மாத்திரைகளைத் தந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள்.

குறைவது கிடைத்ததும் “போதும்” என்று எல்லா இடத்திலும் எழுதுங்கள், அன்றே.

7. ரத்தம் தேவைப்பட்டால்

ரத்தம் நிறையப் போயிருந்தால் மருத்துவர் கொடையாளி நாய் கேட்பார். வேப்பேரி கல்லூரியில் விலங்குகளுக்கான ரத்த வங்கி இருக்கிறது. மற்ற ஊர்களில் பெரும்பாலும் நாமே நாயைத் தேட வேண்டும். கொடுக்கும் நாய்க்கு ஒன்று முதல் எட்டு வயதுக்குள், எடை 25 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். தடுப்பூசி, குடற்புழு மருந்து முறையாகப் போட்டிருக்க வேண்டும். சினையாக இருக்கக் கூடாது, மருந்து எதிலும் இருக்கக் கூடாது, முன்பு ரத்தம் ஏற்றியிருக்கக் கூடாது. உண்ணிக் காய்ச்சல் பரிசோதனை கண்டிப்பாக வேண்டும். இல்லாவிட்டால் நோயையும் சேர்த்து ஏற்றுவோம்.

இரண்டு மூன்று நாய்களைத் தயாராக வைத்திருங்கள். பரிசோதனையில் ஒன்று தள்ளுபடியாவது வழக்கம். முதல் முறை ரத்தம் ஏற்றும்போது நாய்களுக்கு ஒவ்வாமை வருவது குறைவு. சில நாள் கழித்து இரண்டாம் முறை ஏற்றுவதென்றால் பொருத்தம் பார்க்காமல் ஏற்றக் கூடாது. முன்பு ஏற்றியிருக்கிறார்களா என்பதை ஒவ்வொரு புது மருத்துவரிடமும் நீங்களே சொல்லுங்கள்.

8. ஆபரேஷனுக்கு முந்தைய நாள் அறையைத் தயார் செய்யுங்கள்

நாய் வீட்டுக்கு வந்த பிறகு இதைச் செய்ய முடியாது. வந்த முதல் மணிநேரத்திலேயே அது பழகிய இடத்துக்குப் போக எழுந்து நிற்கப் பார்க்கும். டைல்ஸ் தரையில் ஒரு சறுக்கு போதும், திருகு பெயர்ந்துவிடும்.

நிற்கவும் திரும்பவும் படுக்கவும் மட்டும் இடமுள்ள கூண்டு வேண்டும். பெரிய கூண்டு இரக்கம்போலத் தெரியும், அதற்குள்ளேயே குதிக்கும். இரும்புக் கூண்டு கிடைக்காவிட்டால் குழந்தைகளை விடும் தடுப்புவலை, அல்லது கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு பலகை. தரைக்கு, மாட்டுக் கொட்டகையில் விரிக்கும் ரப்பர் பாயை வெட்டிப் போடுங்கள். வழுக்காது, கழுவலாம், வருடக்கணக்கில் உழைக்கும். கோணிச்சாக்கு வேண்டாம், ஈரத்தைப் பிடித்துவைத்துத் தோலைப் புண்ணாக்கும். பாயின் மேல் மெத்தை, அதன்மேல் பழைய நூல் சேலை. எட்டுச் சேலையாவது இருந்தால் துவைத்து மாற்றச் சரியாக வரும்.

கூண்டைச் சுற்றிக் கொசுவலை கட்டுங்கள், பகலிலும். ஈ உட்கார்ந்தால் காயத்தில் ஒன்றிரண்டு நாளிலேயே புழு வைத்துவிடும். வைத்துவிட்டால் பினாயில், மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். சதை வெந்துவிடும். அன்றே மருத்துவமனை.

நாய் காயத்தை நக்காமல், கடிக்காமல் தடுக்கும் கழுத்துக் கூம்பு முன்கூட்டியே இருக்கட்டும். கடையில் கிடைக்காவிட்டால் சிறிய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி, விளிம்பில் துணி சுற்றி மாட்டலாம். “பாவம், கொஞ்ச நேரம் கழற்றி விடுவோம்” என்ற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நாய் தையலைப் பிய்க்கும்.

9. முதல் பத்து நாள்

ஒரு நோட்டு. காலை, மாலை உடல் வெப்பம், சாப்பிட்டது, சிறுநீர், மலம், மாத்திரை கொடுத்த நேரம், கொடுத்தவர் பெயர். மூன்று பேர் பார்க்கும் வீட்டில் ஒரே மாத்திரை இரண்டு முறை போவதும் ஒருமுறைகூடப் போகாததும் நடக்கும். நோட்டு இருந்தால் நடக்காது.

வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். மலம் தார்போலக் கறுத்தாலோ வாந்தி எடுத்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள், குடலில் புண்ணாகியிருக்கலாம். “அழவில்லையே, வலி இல்லை” என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். நாய்கள் வலியை மறைக்கும். வலியுள்ள நாய் காலை ஊன்றாது, ஊன்றாத கால் இறுகிப்போகும்.

எழுந்து போகும்போது மடித்த துண்டை அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்து இரு முனையையும் பிடித்துக்கொள்ளுங்கள். ஆண் நாய்க்குத் துண்டைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்தால்தான் சிறுநீர் போக இடம் இருக்கும்.

எழ முடியாத நாயை நான்கு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். இடுப்பு, தோள், முழங்கை எலும்புகள் மேல் தோல் சிவந்தால் அதுதான் படுக்கைப் புண்ணின் தொடக்கம். தானாகச் சிறுநீர் போகாவிட்டால் பையை அழுத்தி வெளியேற்றும் முறையை மருத்துவமனையிலேயே, அவர்கள் கண்முன் மூன்று முறை செய்து பழகிவிட்டு வாருங்கள். நாளுக்கு மூன்று நான்கு முறை வேண்டியிருக்கும். தேங்கினால் கிருமி வளரும்.

கட்டுப் போட்ட காலில் விரல் நுனிகளைத் தினமும் பாருங்கள். நடு விரல்கள் இரண்டும் விலகி நின்றாலோ, சில்லிட்டிருந்தாலோ கட்டு இறுகிவிட்டது. இதற்கு மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது.

சாப்பாட்டுக்கு ஒரு கணக்கு: எடையை 30-ஆல் பெருக்கி 70 கூட்டினால், படுத்திருக்கும் நாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டிய குறைந்தபட்சக் கலோரி வரும். 18 கிலோ மணிக்கு 610. எலும்பில்லாத கோழி, முட்டை, சோறு, வேகவைத்த பரங்கிக்காய். இடுப்பு உடைந்த நாய்க்கு முக்கினால் வலிக்கும். பரங்கிக்காய் மலத்தை இளக்கும். வெங்காயம் சேர்த்த குழம்பு கூடாது. எலும்பு சீக்கிரம் கூட வேண்டும் என்று கால்சியம் டானிக்கை அள்ளிக் கொடுக்காதீர்கள். சரியான சாப்பாடு சாப்பிடும் நாய்க்கு அது கூடுதல் பயன் தராது. வளரும் குட்டிக்குக் கெடுதலும் செய்யும்.

10. இரண்டாம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரை

ஏறக்குறைய எல்லா வீட்டிலும் தவறு நடப்பது இங்கேதான். 10 முதல் 14 நாளில் தையல் பிரிப்பார்கள். நாய் வாலை ஆட்டும், மூன்று காலில் குதிக்கும், கண்ணில் பழைய களை வந்துவிடும். மேலே தோல் கூடிவிட்டது. உள்ளே எலும்பு கூட வளர்ந்த நாய்க்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வேண்டும். அதுவரை எடையைத் தாங்குவது தகடுதான். ஒரு வீட்டில் பன்னிரண்டாம் நாள் மாடிக்கு விட்டார்கள். படியில் ஒரே தாவல், தகடு வளைந்தது. இரண்டாவது ஆபரேஷனுக்குப் பணம் கேட்க அந்த அம்மாவுக்கு முகமே இல்லை.

ஆனால் அசையவே விடாமல் வைப்பதும் தவறு. இளம் நாய்க்குத் தொடை எலும்பு உடைந்து காலை மடக்காமலே விட்டால் முன்தொடைத் தசை எலும்போடு ஒட்டி, முழங்கால் குச்சிபோல நீட்டியபடி நின்றுவிடும். அது நேர்ந்தபின் சரிசெய்வது ஏறக்குறைய முடியாத காரியம். அதனால் மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து, நாயைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, ஒவ்வொரு மூட்டையும் வலிக்காத அளவுக்கு மடக்கி நீட்டுங்கள். பத்துப் பதினைந்து முறை, நாளுக்கு மூன்று வேளை. எங்கள் அம்மா விரல் நுனியிலிருந்து மேலே தடவிக்கொண்டே போய்த்தான் மடக்குவார். மணி அந்த நேரத்தில் தூங்கிவிடுவான்.

நடைக்கு, கழுத்துப் பட்டிக் கயிற்றைப் பிடித்தபடி ஐந்து நிமிடம். மெதுவாக நடங்கள். வேகமாகப் போனால் நாய் அடிபட்ட காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் போய்விடும். மெதுவாகப் போனால் நான்கையும் ஊன்றித்தான் ஆக வேண்டும். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். தையல்கார டேப்பால் இரண்டு தொடைகளின் சுற்றளவையும் ஞாயிறுதோறும் அளந்து நோட்டில் எழுதுங்கள். முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாத வாரங்களில் அந்த அரை சென்டிமீட்டர்தான் வீட்டாருக்குத் தெம்பு.

கூண்டில் குரைத்துத் தீர்க்கும் நாய்க்கு, சாப்பாட்டைத் தட்டில் வைக்காமல் பழைய துண்டில் சுருட்டி வையுங்கள். பிரித்துத் தின்னவே அரை மணி ஆகும்.

11. எப்போது உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்

ஈறு வெளுப்பு. தூங்கும்போது நிமிடத்துக்கு 40-க்கு மேல் மூச்சு. ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் இல்லாமை. 103 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் வெப்பம். நாய்க்கு 101 முதல் 102.5 வரை இயல்பு, நம் கணக்கில் காய்ச்சல் என்று பயப்பட வேண்டாம். காயத்தில் நாற்றம். நேற்றுவரை ஊன்றிய காலை இன்று ஊன்றாமல் போவது. கடைசியாகச் சொன்னதைத்தான் வீட்டார் “சோம்பல்” என்று விட்டுவிடுகிறார்கள். தகடு அசைந்திருக்கலாம், எக்ஸ்ரே எடுங்கள்.

மற்றபடி ஆறாம் வாரமும் பன்னிரண்டாம் வாரமும் மருத்துவர் சொன்னபடி எக்ஸ்ரே. நாய் நன்றாக நடக்கிறதே என்று இதைத் தவிர்க்காதீர்கள். படி, சோபா, மற்ற நாய்களோடு ஓட்டம் எல்லாவற்றுக்கும் அந்தப் படம்தான் அனுமதிச் சீட்டு.

12. கணக்கை முடிப்பது

கடைசி எக்ஸ்ரே வந்த வாரமே ஒரு தாளில் வரவு, செலவு, மிச்சம் எழுதி, ரசீதுகளின் படத்தோடு கொடுத்த எல்லாருக்கும் அனுப்புங்கள். கொடுத்தவர்களின் பெயரும் எண்ணும் வெளியே தெரிய வேண்டாம். தொகையும் தேதியும் போதும். நடுவில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாயின் காணொளி அனுப்பியிருந்தால் இந்தத் தாளை யாரும் சந்தேகத்தோடு படிக்கமாட்டார்கள். நாய் பிழைக்காமல் போனாலும் கணக்கு அனுப்ப வேண்டும். அந்த வீட்டில் எழுதும் நிலையில் யாரும் இருக்கமாட்டார்கள் என்பதால் முதல் நாளே ஒரு நண்பரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்து வையுங்கள்.

எங்களுக்கு 2,800 ரூபாய் மிஞ்சியது. முதலிலேயே எழுதியிருந்தபடி ஒரத்தநாட்டுப் பக்கம் அடிபட்ட இன்னொரு நாயின் மருந்துக் கடை பாக்கிக்குச் செலுத்திவிட்டு, அந்த ரசீதையும் அனுப்பினோம்.

கூண்டும் பாயும் அடுத்த வீட்டுக்குப் போகட்டும். கொடுக்கும் முன் சோப்பால் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, மறுபடி அலசி, வெயிலில் காய வையுங்கள். நாய்களுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பார்வோ கிருமி வெறும் சோப்புக்குச் சாகாது. எங்கள் கூண்டு இப்போது நான்காவது வீட்டில் இருக்கிறது. பின்பக்கக் கம்பி ஒன்று தளர்ந்துவிட்டதாம். அடுத்து யாருக்குக் கொடுப்பதானாலும் முதலில் அதைக் கட்டித்தான் அனுப்ப வேண்டும்.